பூச்சியத்துக்குக் கீழே இருந்த தண்ணீர்

பங்குனி மாதத்தில், வவுனியா டவுனை அடுத்த நெளுக்குளத்தில், எங்கள் ஒழுங்கையில் உள்ள வீடுகளுக்குக் குழாய்த் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வந்தது. சந்தியில் ஒட்டியிருந்த அறிவித்தலில் 'ஈச்சமுறிப்புக்குளத்தின் நீர்மட்டத்தைக் கருத்திற்கொண்டு' என்று ஒரு வரி இருந்தது. என் கணவர் உடனே தொலைபேசியை எடுத்து முறைப்பாடு செய்யத் தொடங்கினார். எனக்கு வேறு எண்ணம் வந்தது. மூன்று வருடமாக அந்தத் தண்ணீரில் சோறு ஆக்குகிறேன், உடுப்புத் தோய்க்கிறேன். அந்தக் குளம் எந்தத் திசையில் இருக்கிறது என்று யாராவது கேட்டால் கை காட்டத் தெரியாது. வன்னியில் பஸ்ஸில் போய்ப் பொழுதுபட முன் வீடு திரும்பக்கூடிய இடங்களை எல்லாம் தேடித்தேடி எழுதுகிறவள் நான். என் குசினிக்குள் வந்துகொண்டிருக்கும் குளத்தை விட்டுவிட்டேனே என்று எனக்கே சிரிப்பு வந்தது.

நான் வேலை செய்யும் மருந்துக்கடையில் எனக்குப் புதன்கிழமை விடுமுறை. அந்தப் புதனே புறப்பட்டேன்.

காலை ஆறரைக்கு நெளுக்குளத்தில் பஸ் ஏறி, ஏழு மணிக்கு முன்னமே வவுனியா பஸ் நிலையத்தில் நின்றேன். அங்கே ஒரு பிழை விட்டேன். நெடுங்கேணி வழியாகப் போகும் முல்லைத்தீவு பஸ் இருபது நிமிடத்தில் வர இருந்தது. பொறுமையில்லாமல் யாழ்ப்பாண பஸ்ஸில் தொற்றிக்கொண்டேன். தூரத்துப் பஸ்காரருக்குப் புளியங்குளத்தில் இறங்குகிறவர்களைப் பிடிக்காது. நடத்துநர் முகத்தை நீட்டிக்கொண்டு நூற்றைம்பது ரூபாய் வாங்கினார், நான் இறங்கி முடிக்க முன்னமே பஸ் நகர்ந்துவிட்டது. ஏறத்தாழ இருபத்தைந்து கிலோமீற்றர், நாற்பது நிமிடம். நீங்கள் போவதாக இருந்தால் முல்லைத்தீவு பஸ்ஸுக்கே காத்திருங்கள்.

புளியங்குளம் சந்தியில் சுடச்சுட உளுந்து வடையும் பிளேன்ரீயும் கிடைக்கும். அதை முடித்துக்கொண்டு ஓட்டோ பிடித்தேன். நெடுங்கேணி வீதியில் ஒன்பது கிலோமீற்றர், பிறகு கிரவல் பாதையில் நாலு கிலோமீற்றர். காத்து நின்று திருப்பிக் கொண்டுவந்து விடுவதற்கு மூவாயிரத்து ஐந்நூறு ரூபாய் என்று பேசினோம். ஓட்டோக்காரரின் பெயர் யோகன். நான் போகவேண்டியது ஈச்சமுறிப்புக்குளம் என்றதும் கண்ணாடியில் என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"ஒஃபிசிலை இருந்து வாறீங்களோ?"

"இல்லை. குளத்தைப் பாக்க வந்தனான். நான் வவுனியா டவுன். உந்தத் தண்ணியைத்தான் குடிக்கிறம்."

"டவுன் ஆக்கள் குழாயைத் திறந்து பாப்பினம். குளத்தைப் பாக்க வந்த முதல் ஆள் நீங்கள்தான்," என்றார் யோகன். "ஆனால் நாள் பாத்து வந்திருக்கிறீங்கள். இண்டைக்குச் சிறுபோகக் கூட்டம். அங்கை ஒருத்தருக்கும் உங்களோடை கதைக்க நேரம் இராது."

அவர் சொன்னது பாதி சரி, பாதி பிழை. நேரம் இருக்கவில்லைதான். ஆனால் கதைக்காமல் என்னை விட்டவர் ஒருவரும் இல்லை.

கிரவல் பாதையின் கரையெங்கும் நூறு நூற்றைம்பது அடிக்கு ஒன்றாக நீலமும் வெள்ளையும் பூசிய சின்னக் கொங்கிறீட் கட்டைகள் நடப்பட்டிருந்தன. எங்கள் வீட்டுக்குத் தண்ணீர் கொண்டுவரும் குழாய் அந்தக் கட்டைகளுக்குக் கீழேதான் போகிறது. வழியில் இரண்டு வீடுகளின் முன்னால் பெண்கள் கிணற்றில் தண்ணீர் அள்ளிக்கொண்டு நின்றார்கள். குழாய் அவர்கள் வேலிக்குப் பக்கத்தால் போகிறது, அவர்களுக்கு அதில் இணைப்பு இல்லை. இதைப் பார்த்தபோது எனக்குக் கோபம் வந்தது, யார்மீது என்று அப்போது தெரியவில்லை.

குளம் அழகு. அதைச் சொல்லாமல் விட்டால் பயணக் கட்டுரை எழுதுவதில் அர்த்தமில்லை. நீண்டு வளைந்த குளக்கட்டு, அதன் அடியில் பெரிய மருத மரங்கள், தூரத்தில் கூழைக்கடாக்களின் கூட்டம், அதற்கப்பால் காட்டின் பச்சைக் கோடு. காலை ஒன்பது மணிக்கு வெயில் இன்னும் முறுகவில்லை. கட்டின் நடுவில் துருசு இருக்கிறது. துருசு என்றால் குளத்து நீரை வாய்க்காலுக்குத் திறந்துவிடும் மதகு. அதன் பக்கத்தில் அடி அடியாகக் கோடு போட்ட அளவுத் தூண் ஒன்று தண்ணீருக்குள் நிற்கிறது. அன்றைக்கு ஏழு அடி காட்டியது. இன்னும் உள்ளே தள்ளி, நீர் நடுவில், டவுனுக்கு நீர் உறிஞ்சும் பம்பி வீடு.

மூன்று மாடுகளைத் தண்ணீருக்குள் இறக்கிக்கொண்டு ஒரு பெண் நின்றார். பெயர் தனலட்சுமி, நாற்பத்தைந்து வயதிருக்கும். இனக்கலவரத்துக்குப் பிறகு மலையகத்திலிருந்து வந்து இங்கே குடியேறிய குடும்பம். அவருடைய அப்பா வாய்க்கால் முடிகிற கடைசி இடத்தில் காடு வெட்டி இரண்டு ஏக்கர் வயலாக்கினார். அந்த வரிசையில் அப்படி இப்போது மிஞ்சியிருப்பது பதினொரு குடும்பங்கள். ஒருவருக்கும் காணி அனுமதிப்பத்திரம் கிடையாது.

"டவுன்லயிருந்தா வாறீங்க? தண்ணி ஒழுங்கா வருதா?" என்று கேட்டார்.

ஒருநாள் விட்டு ஒருநாள் என்றேன். சொல்லும்போதே கூச்சமாக இருந்தது.

"எங்களுக்கு வருமா வராதான்னு இன்னைக்குத்தான் தெரியும்," என்றார். "கூட்டத்துல பங்கு குடுத்தா நிப்போம். இல்லாட்டி வீட்டுக்காரர் வவுனியாவுக்குக் கட்டட வேலைக்குப் போயிருவாரு. நான் மாட்ட வித்துட்டுப் பின்னால போகணும். எங்க வரிசையில ரெண்டு குடும்பம் போயிருச்சு. தண்ணி டவுனுக்குப் போச்சு, இப்ப ஆளுங்க அதுக்குப் பின்னால போறாங்க."

பங்கு என்றால் என்ன என்று நான் கேட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மேலே வருவது விளங்காது. மாரியில் செய்யும் காலபோகத்துக்கு எல்லா வயலும் விதைப்பார்கள். கோடையில் வரும் சிறுபோகத்துக்குக் குளத்தில் அவ்வளவு தண்ணீர் இராது. ஆகவே துருசுக்குக் கிட்டவுள்ள வயல்களை மட்டும் விதைப்பார்கள். ஆனால் அந்த வயல்காரர் மட்டும் விதைப்பதில்லை. இரண்டு மைல் தள்ளி வயல் உள்ளவருக்கும் அங்கேயே ஒரு துண்டு அளந்து கொடுப்பார்கள். அந்த ஒரு போகத்துக்கு உன் வயல் என் வயல் என்ற கதை இல்லை. குளத்தில் எத்தனை அடி இருக்கிறது என்று தூணில் பார்த்து, ஆளுக்கு எவ்வளவு என்று கூட்டத்தில் முடிவு செய்வார்கள். வாய்க்கால் துப்புரவாக்கும் நாளில் பங்குக்காரர் எல்லோரும் மண்வெட்டியோடு வரவேண்டும். அனுமதிப்பத்திரம் இல்லாத கடைசி வரிசைக்கும் ஏதோ கொஞ்சம் கொடுத்துத்தான் வந்திருக்கிறார்கள். அது உரிமையாக அல்ல, மிச்சத்தில் இருந்து.

கூட்டம் பத்து மணிக்கு, கமக்காரர் அமைப்பின், அதாவது விவசாயிகள் சங்கத்தின், மண்டபத்தில். நான் பின்வரிசைக் கதிரை ஒன்றில் அமர்ந்தேன். அமைப்பின் தலைவர் சிவஞானம், யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இந்தக் குளத்தின் குடியேற்றத் திட்டத்தில் காணி பெற்ற குடும்பத்தின் இரண்டாம் தலைமுறை. இடுப்பில் வெள்ளைச் சாரம், முகத்தில் அகன்ற சிரிப்பு. நான் யார் என்று யோகன் அதற்குள் ஊர் முழுக்கச் சொல்லியிருந்தார். அதிகாரிகள் வரத் தாமதமானதால் சிவஞானம் என் பக்கத்தில் வந்து குந்தினார்.

"உங்களுக்குத் தண்ணி குடுத்தது நான்தான்," என்றார். "எங்களை ஒருத்தரும் ஏமாத்தேல்லை. நாங்களாத்தான் ஓம் எண்டு சொன்னனாங்கள். ஏன் சொன்னனாங்கள் எண்டு கேளுங்கோ."

கேட்டேன்.

குழாய்த் திட்டம் வந்தபோது, டவுனுக்கு எந்தத் தண்ணீரைக் கொடுக்கலாம் என்று இவர்களிடம் கேட்டிருக்கிறார்கள். இவர்கள் இரண்டு கூட்டம் வைத்து யோசித்தார்கள். அளவுத் தூணில் பூச்சியம் என்பது துருசின் வாய்மட்டம். அதற்குக் கீழே கிடக்கும் தண்ணீர் வாய்க்காலுக்கு ஏறாது. நாலைந்து அடி ஆழத்துக்கு அது சும்மா கிடக்கும். மீனுக்கும் மாட்டுக்கும் கூழைக்கடாவுக்கும் உரியது. அதையே கொடுத்துவிட்டார்கள்.

"எங்கடை கணக்கிலை பூச்சியத்துக்குக் கீழை தண்ணியே இல்லை," என்றார் சிவஞானம். "இல்லாத தண்ணியைக் குடுத்துப்போட்டு, டவுனை ஏமாத்திப்போட்டம் எண்டு அண்டைக்கு எல்லாரும் பால்தேத்தண்ணி குடிச்சனாங்கள்."

முதல் வருடம் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாம் வருடம் ஆவணி, புரட்டாதியில் பம்பி அந்த அடித்தண்ணீரை இழுத்தெடுத்தது. குளத்தை அண்டிய கிணறுகள் இறங்கின. மாடுகள் தண்ணீரைத் தேடிச் சேற்றுக்குள் போய்ப் புதைந்தன. தனலட்சுமியின் பசு ஒன்றை ஆறு பேர் சேர்ந்து கயிறு கட்டி இழுத்தார்களாம், அது பிழைக்கவில்லை. பிறகு மழை வந்தது. முன்பென்றால் முதல் பெருமழைக்கே தூணில் இரண்டு மூன்று அடி ஏறும். இந்த முறை அதே அளவு மழை பெய்தும் தூண் பூச்சியத்தில் நின்றது. முதல் மழை முழுவதும் கீழே இருந்த குழியை நிரப்பத்தான் போயிற்று. பங்குனியில் பத்தடி நிற்கவேண்டிய குளம் ஏழில் நின்றதற்கு அதுதான் காரணம்.

"பூச்சியத்துக்குக் கீழை இருந்ததுதான் மேலை இருந்ததைத் தாங்கிக்கொண்டிருந்தது. அதைக் குடுத்த பிறகுதான் எங்களுக்குத் தெரிஞ்சது," என்று சொல்லிவிட்டுச் சிவஞானம் எழுந்து போனார். அதிகாரிகள் வந்துவிட்டார்கள்.

நீர்ப்பாசனப் பகுதியிலிருந்து வந்த இளம் அதிகாரி ஏழு அடிக்கு எவ்வளவு விதைக்கலாம் என்று சுருக்கமாகச் சொன்னார். வழக்கமாக நாலு ஏக்கர்காரருக்கு ஒரு ஏக்கர் கிடைக்கும். இந்த முறை பன்னிரண்டு பரப்பு, அதாவது முக்கால் ஏக்கர்தான். அதுவும் அனுமதிப்பத்திரம் உள்ளவர்களுக்கு மட்டும் பிரித்தால். முன்வரிசையில் இருந்து ஒருவர் அதையே முன்மொழிந்தார், இன்னொருவர் வழிமொழிந்தார். வாய்க்காலின் கடைசி வரிசைக் குடும்பங்கள் மண்டபத்தின் வாசலோரம் நின்றன. எழுதி முடித்துவிடப் போகிறார்கள் என்று நினைத்தேன்.

தனலட்சுமி வாசலில் இருந்தே பேசினார்.

"டவுனுக்குப் பெர்மிட் இருக்கான்னு கேட்டீங்களா? டவுனுக்கு இங்க ஒரு ஏக்கரு இருக்கா? ஒரு நாளாவது டவுன் வாய்க்கா வெட்ட வந்திச்சா? அதுக்குக் குடுத்தீங்க. நான் வருசா வருசம் மண்வெட்டியோட வாறேன். எனக்கு மட்டும் பெர்மிட் கேக்கிறீங்க."

முன்வரிசையில் இருந்த ஒரு முதியவர் திரும்பாமலே, "குடிக்கிற தண்ணியைக் குடுக்காமல் விடேலுமோ பிள்ளை? டவுனிலை இருக்கிறதும் எங்கடை பிள்ளையள்தானே," என்றார்.

"குடிக்க வேணாம்னு நான் சொல்லல ஐயா. என் தங்கச்சி பிள்ளைங்களும் அங்கதான் குடிக்குதுங்க. குடுங்க. குடுத்தது எல்லார் தண்ணியில இருந்தும் போகட்டும். எங்க பதினொரு வீட்டுத் தண்ணியில இருந்து மட்டும் எடுக்காதீங்க."

நான் அந்த டவுன். என் கதிரையில் என்னால் நேராக இருக்க முடியவில்லை. அவர் என் பக்கம் ஒருமுறைகூடப் பார்க்கவில்லை என்பதையும் எழுதவேண்டும்.

பிறகு கொஞ்ச நேரம் சத்தம். ஒருவர் தன் மகளின் கலியாணத்தை இந்தப் போகத்தை நம்பித்தான் வைத்திருப்பதாகச் சொன்னார், அதுவும் பொய்யில்லை. கடைசியில் சிவஞானம் எழுந்தார்.

"பெர்மிட் இல்லாத ஆளுக்குத் தண்ணி இல்லை எண்டு சொல்லுறதெண்டால் முதல் டவுன் குழாயைத்தான் பூட்டவேணும். அது எங்களாலை ஏலாது. ஆனபடியால் இதையும் சொல்ல ஏலாது. ஆளுக்கு உங்கடை பங்கிலை ஒரு பரப்பை விட்டுக்குடுங்கோ. பதினொரு வீட்டுக்கும் அரை அரை ஏக்கர் வரும்."

கை உயர்த்தச் சொன்னார்கள். முதலில் பின்வரிசை, பிறகு நடு, முன்வரிசையில் பாதிக்கு மேல். கலியாணக்காரர் கை உயர்த்தவில்லை, எதிர்த்துப் பேசவும் இல்லை. முடிவு எழுதப்பட்டது. தனலட்சுமி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் நின்ற பெண்ணின் தோளில் கை வைத்தார்.

பிறகு இன்னொரு தீர்மானமும் வந்தது. டவுனையும் ஒரு பங்குக்காரனாகப் போடவேண்டும், குளம் இறங்கும்போது வயலுக்குக் குறைகிற மாதிரியே குழாய்க்கும் குறையவேண்டும், அளவுத் தூணைப் பூச்சியத்துக்குக் கீழேயும் நீட்டிக் கோடு போடவேண்டும், அதில் ஒரு கோட்டுக்குக் கீழே பம்பி இயங்கக் கூடாது. அதிகாரி அதை எழுதிக்கொண்டு மேலிடத்துக்கு அனுப்புவதாகச் சொன்னார். மேலே என்ன முடிவாகும் என்று எனக்குத் தெரியாது, இதை எழுதும்வரை பதில் வரவில்லை. ஆனால் தூணை நீட்டுவதற்கு மேலிடம் தேவையில்லை என்று இரண்டு பேர் அங்கேயே சீமெந்துக்குக் கணக்குப் போடத் தொடங்கிவிட்டார்கள்.

வாய்க்கால் துப்புரவுக்குச் சித்திரைப் புதுவருடத்துக்கு முந்திய ஞாயிறு என்று குறித்தார்கள். நடுவிலிருந்து ஒருவர் கேட்டார்: "டவுனும் பங்குக்காரன் எண்டால் டவுனிலை இருந்து ஆர் வாய்க்கால் வெட்ட வாறது?"

எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. சிரித்தார்கள். பகடிதான், ஆனால் முழுப் பகடி இல்லை.

"நான் வாறன்," என்றேன்.

திரும்பும் வழியில் யோகன் காசில் ஐந்நூறு ரூபாய் குறைத்தார், காரணம் சொல்லவில்லை. மூன்று மணிக்கு வீட்டில் இருந்தேன். அன்று தண்ணீர் வரும் நாள். குழாயைத் திறந்தபோது எனக்குக் குற்ற உணர்வு வரும் என்று நீங்கள் எதிர்பார்த்தால், வரவில்லை. குடிக்கத் தண்ணீர் கேட்பது பிழையில்லை. வவுனியாவில் கிணற்று நீரைக் குடித்துச் சிறுநீரக நோயோடு எத்தனை பேர் எங்கள் மருந்துக்கடைக்கு வருகிறார்கள் என்று எனக்குத் தெரியும். பிழை எது என்றால், அந்தத் தண்ணீருக்கு மறுமுனையில் யாரும் இல்லை என்று நினைத்துக்கொண்டு இருப்பது. வறட்சி வந்தால் கிராமம் பங்கைக் குறைத்துக்கொள்ளும், நகரம் முறைப்பாடு செய்யும் என்பது நியாயமில்லை. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஒருநாள் விட்டு ஒருநாள் என்பது எங்கள் பங்கு குறைந்திருப்பது. ஒரு தண்ணீர்த் தாங்கி வாங்கி வைத்தால் சமாளிக்கலாம், வாங்கிவிட்டோம்.

போக நினைப்பவர்களுக்குச் சில விசயங்கள். கைபேசி வரைபடத்தை நம்ப வேண்டாம், அது வேறொரு குளத்தின் அலைகரைக்குக் கொண்டுபோய் விடும். புளியங்குளத்தில் கேட்டால் போதும். காலை எட்டரைக்கும் பத்துக்கும் இடையில் குளக்கட்டில் நிற்பது நல்லது. கடை எதுவும் இல்லை, குடிதண்ணீர் கொண்டுபோங்கள். துருசுப் பக்கம் குளிக்க இறங்க வேண்டாம். பம்பி வீட்டைப் படம் எடுக்க முன் காவலாளியிடம் கேளுங்கள். மாலை மூன்றரைக்குப் பிறகு கிரவல் பாதையில் ஓட்டோ கிடைக்காது, யானையும் நடமாடும். மார்கழியில் போனால் குளம் நிரம்பி வான் பாய்வதைப் பார்க்கலாம் என்று சொல்கிறார்கள், நான் இன்னும் பார்க்கவில்லை.

குறித்த ஞாயிறு நாங்கள் நாலு பேர் போனோம். நானும் கணவரும் எங்கள் ஒழுங்கையில் இருந்து இன்னும் இருவரும். இந்த முறை முல்லைத்தீவு பஸ். மண்வெட்டியை எங்கே வைப்பது என்று நடத்துநரோடு ஒரு சின்னச் சண்டை. போய்ச் சேர்ந்தபோது சிவஞானம் சிரித்துக்கொண்டே கயிறு பிடித்து எங்களுக்கு இருபது முழம் அளந்து கொடுத்தார். மற்றப் பங்குக்காரருக்கும் அதே அளவுதான். புல்லும் சேறும் பிடித்த வாய்க்கால். ஒரு மணித்தியாலத்தில் என் உள்ளங்கை கொப்பளித்துவிட்டது. பத்து மணிக்கெல்லாம் எங்கள் துண்டு முடிந்துவிட்டது என்று பெருமையாக நிமிர்ந்தேன்.

எங்கள் துண்டுக்கு அடுத்தாற்போலத்தான் தனலட்சுமிக்குக் கொடுத்த அரை ஏக்கர். உழுது போட்டிருந்தார். வரம்பில் இருந்து இறங்கி வந்து, நாங்கள் வெட்டிய வாய்க்காலுக்குள் குனிந்து, கையை விரித்து அடியில் வைத்து ஆழம் பார்த்தார். நல்லாயிருக்கு என்று சொல்லப் போகிறார் என்று நாலு பேரும் காத்துக்கொண்டு நின்றோம்.

"இன்னும் ஒரு சாண் வெட்டுங்க," என்றார். "தண்ணி எனக்கு வந்து சேரணும்."

வெட்டினோம்.